வீட்டு வரைபடத்தின் தரம்: எதைப் பார்ப்பது, யாரிடம் வரையக் கொடுப்பது

வீடு கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஆசையாகக் கையில் வாங்குவது ஒரு வண்ணப் படத்தை. முன்பக்கத் தோற்றம், பால்கனியில் கண்ணாடி, வாசலில் ஒரு கார். குடும்பமே உட்கார்ந்து அதைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தை வைத்துக் கொத்தனாரால் ஒரு வரிசை செங்கல்கூட வைக்க முடியாது. அவருக்கு வேண்டியது கோடும் எண்ணும் நிறைந்த கறுப்பு வெள்ளைத் தாள்கள். சுவர் எங்கே, தூண் எந்தத் திசையில், ஜன்னல் எவ்வளவு உயரத்தில், கம்பி எத்தனை என்று சொல்லும் தாள்கள்.

அந்தத் தாள்கள் நன்றாக இருக்கின்றனவா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். ஒருவரையொருவர் தெரியாத இரண்டு மேஸ்திரிகளிடம் ஒரே வரைபடத்தைக் கொடுத்தால், வரைந்தவருக்குப் போன் போடாமலேயே இருவரும் ஒரே வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும். அவர்கள் போன் போட நேரும் ஒவ்வொரு இடமும் வரைபடத்தில் உள்ள ஓட்டை. போன் போடாமல் அவர்களாகவே ஊகித்துக் கட்டும் இடம் அதைவிடப் பெரிய ஓட்டை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அப்ரூவல் பிளான் கையில் இருக்கிறது, அதை வைத்தே கட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதிக்கான வரைபடம் அரசு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காக வரைவது. மனையின் எல்லை, சாலையின் அகலம், நான்கு பக்கமும் விடும் இடம், மொத்தத் தளப்பரப்பு, மழைநீர்ச் சேகரிப்பு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 கேட்பவை இந்த மாதிரி விவரங்கள்தாம். ஜன்னலின் அடிமட்டம் எத்தனை அடி, பீமில் எத்தனை கம்பி என்பதெல்லாம் அதில் முழுதாக இருக்காது. 2024 ஜூலையிலிருந்து, 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் தரைத்தள வீட்டுக்கும் ஒரு மாடி வீட்டுக்கும் சுயசான்றிதழ் முறையில் இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. வேகம் நல்லதுதான். ஆனால் சுயசான்று என்றால் தாளில் உள்ளதெல்லாம் சரி என்று பொறுப்பேற்பவர் நீங்கள். எனவே மனை அளவு தொடங்கி எல்லாமே முன்பைவிடச் சரியாக இருந்தாக வேண்டும்.

கட்டுவதற்கு வேண்டியது வொர்க்கிங் டிராயிங். சாதாரண ஒரு மாடி வீட்டுக்கே சென்டர் லைன் படம், தளத்துக்கு ஒரு பிளான், வெட்டுத்தோற்றங்கள் (வீட்டை நெட்டாக அறுத்துப் பார்த்த படங்கள்), நான்கு பக்க எலிவேஷன் (வெளித்தோற்றப் படம்), கதவு ஜன்னல் அட்டவணை, அடித்தளம் முதல் ஸ்லாப் வரை கம்பி விவரம், மின்சாரம், குழாய்ப்பாதை என்று ஏ3 தாளில் கணிசமான ஒரு கட்டு சேர்ந்துவிடும். முழு வீடும் இரண்டு தாளில் அடங்கி வந்தால் மீதியை சைட்டில் யாரோ ஊகிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வெட்டுத்தோற்றத்தில் ஒன்று படிக்கட்டு வழியாகவும் இன்னொன்று கழிப்பறை வழியாகவும் போகும்படி கேட்டு வாங்குங்கள். சிக்கல் ஒளிந்திருக்கும் இடங்கள் அவை.

கோடுகளின் மொழி

வரைபடத்துக்கு என்று தரவிதிகள் இருக்கின்றன. கட்டட வரைபடங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 962, 1989இல் வந்த திருத்தப் பதிப்பு. மாணவர்களுக்காக அதே அமைவனம் 2003இல் எஸ்.பி. 46 என்ற கையேட்டை வெளியிட்டது. வீடு கட்டுகிறவர் இவற்றை முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படையான ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் தாளைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

பிளான் என்றால் மேலிருந்து பார்த்த படம் என்று நினைப்போம். உண்மையில், தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு அடி உயரத்தில் வீட்டைக் கிடையாக அறுத்து, மேல் பகுதியை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தால் தெரிவதுதான் பிளான். அறுபட்டவை சுவரும் தூணும். அவை தடித்த கோட்டில் வர வேண்டும். அறுபடாமல் கீழே தெரிபவை படி, மேடை, தரையின் விளிம்பு; அவை மெல்லிய கோட்டில். அறுத்து எடுத்த பகுதியில் இருப்பவை பரண், சன்ஷேடு, மேலே போகும் பீம். அவை விட்டுவிட்டு வரும் கோட்டில். நீளக்கோடும் புள்ளியுமாக மாறிமாறி வருவது மையக்கோடு. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருக்கும் தாள் கண்ணுக்கு நேர்த்தியாகத்தான் தெரியும். ஆனால் அதைப் பார்த்து எது சுவர், எது மேடை, எது தலைக்கு மேலே உள்ள பரண் என்று பிரித்தறிய முடியாது. தடிமன் வித்தியாசம் தெரிகிறதா என்பது தாளைக் கையில் எடுத்ததும் நீங்களே செய்து பார்க்கக்கூடிய முதல் சோதனை.

அடுத்து, கீழே வலது மூலையில் இருக்கும் பெயர்க் கட்டம். தாளின் எண், தலைப்பு, அளவுவிகிதம், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர், எத்தனையாவது திருத்தம் என்று அங்கே இருக்க வேண்டும். வரைந்தவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆள் என்றால் யாருமே சரிபார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். வடக்கு அம்புக்குறி எல்லாப் பிளானிலும் ஒரே பக்கம் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

அளவுகள்

வரைபடத்தின் உயிர் எண்களில்தான் இருக்கிறது. பிளான்களை 1:100 விகிதத்திலும், வேலைக்கான தாள்களை 1:50 விகிதத்திலும், நுணுக்கமான இடங்களை 1:20 அல்லது 1:10 விகிதத்திலும் வரைவது வழக்கம். ஆனால் விகிதத்தை நம்பி ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் தாளுக்குப் பொருத்தி அச்சடித்த உடனேயே விகிதம் போய்விடுகிறது. எழுதிய அளவையே பின்பற்றவும், தாளை அளக்க வேண்டாம் என்ற குறிப்பு தாளில் இருக்க வேண்டும். அப்படியானால் தேவையான அளவு எல்லாம் எழுதப்பட்டும் இருக்க வேண்டும்.

எழுதிய அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் அடுத்த கேள்வி. கையில் பேனாவை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். வீட்டின் வெளி அகலம் 24 அடி. வெளிச்சுவர் இரண்டும் 9 அங்குலம், நடுச்சுவர் 4½ அங்குலம். அறைகள் 12 அடி, 10 அடி 6 அங்குலம் என்று எழுதியிருக்கிறது. கூட்டினால் 24 அடி 4½ அங்குலம் வருகிறது. நடுச்சுவரின் அகலத்தை வரைந்தவர் மறந்துவிட்டார். இந்த 4½ அங்குலத்தை எந்த அறையிலிருந்து எடுப்பது என்று சைட்டில் மேஸ்திரி முடிவு செய்வார். அவர் படுக்கையறையிலிருந்து எடுத்தால், அந்த அறையின் அகலத்துக்குச் சரியாகத் திட்டமிட்ட அலமாரி நுழையாது. அளவுகள் செங்கல் முகம்வரைக்கா, பூச்சு முடிந்த முகம்வரைக்கா என்ற குறிப்பு இல்லாவிட்டாலும் இதே வம்புதான். அப்புறம் அடி, அங்குலம் ஒரு தாளில், மில்லிமீட்டர் இன்னொரு தாளில் என்று கலந்து வருவது. எதுவாக இருந்தாலும் சரி, கட்டு முழுவதும் ஒரே முறை இருக்கட்டும்.

சென்டர் லைன் படம் தனிக் கவனம் கேட்கும் ஒன்று. மண்ணில் மார்க்கிங் போடுவது இதை வைத்துத்தான். தூண் வரிசைகளுக்கு ஒரு பக்கம் ஏ, பி, சி என்றும் மறுபக்கம் 1, 2, 3 என்றும் பெயர் வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் இடையிலான தூரத்தைக் கொடுப்பார்கள். நல்ல வரைவாளர் மூலைவிட்டத்தையும் சேர்த்து எழுதித் தருவார். வெளி மையக்கோடுகள் 24 அடிக்கு 32 அடி என்றால் மூலைவிட்டம் சரியாக 40 அடி. நூல் கட்டி இரண்டு மூலைவிட்டமும் 40 அடி வந்தால்தான் மூலை செங்கோணம். அந்த ஒரு எண் தாளில் இருந்தால், வீடு கோணலாகிவிடாமல் முதல் நாளே தடுத்துவிடலாம்.

படிக்கட்டும் கணக்கு கேட்கும். தளத்துக்குத் தளம் 10 அடி உயரம், படிக்கு 6 அங்குலம் என்றால் 20 ஏற்றம். நடுவில் திரும்பும் படிக்கட்டில் ஒரு பக்கத்துக்குப் பத்து ஏற்றம், ஒன்பது மிதி. மிதி 10 அங்குலம் என்றால் 7 அடி 6 அங்குலம், அதோடு லேண்டிங் 3 அடி. ஆக, நீளவாக்கில் 10 அடி 6 அங்குலம் வேண்டும். பிளானில் படிக்கட்டுக்கு 9 அடிதான் விட்டிருக்கிறது என்றால் ஒன்று படி செங்குத்தாகிவிடும், அல்லது மிதியில் முழுப் பாதம் பதியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, குடியிருப்புகளில் ஏற்றம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும், மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கச் சொல்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது வெறும் விதி இல்லை. படிக்குக் கோடு எத்தனை போட்டிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தாலே வரைந்தவர் கணக்குப் போட்டாரா, சும்மா கோடு இழுத்தாரா என்று தெரிந்துவிடும்.

எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி: ஒரே ஒரு ஜன்னலை எடுத்துக்கொண்டு எல்லாத் தாளிலும் தேடுங்கள். பிளானில் அதன் பெயர் டபிள்யூ1. அட்டவணையில் டபிள்யூ1 என்பது 5 அடி அகலம், 4 அடி உயரம். வெட்டுத்தோற்றத்தில் அடிமட்டம் 3 அடி, லிண்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) 7 அடி. இடையில் 4 அடி, சரியாக இருக்கிறது. எலிவேஷனில் அதே இடத்தில் அதே ஜன்னல் தெரிகிறதா? பீம் படத்தில் அதற்கு மேலே போகும் பீம் லிண்டலோடு மோதாமல் இருக்கிறதா? எங்காவது ஒரு தாளில் முரண்பட்டால், மற்ற ஜன்னல்களும் அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகப்படுவது நியாயம்.

கம்பி விவரத் தாள்கள்

இங்கே பார்க்கத் தவறினால் விலை அதிகம். கான்கிரீட் போட்ட பிறகு உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. கம்பியின் விட்டமும் எண்ணிக்கையும் கணக்கிடுவது கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. அதைச் சைட்டில் கம்பி கட்டுபவருக்குப் புரியும்படி தாளில் கொண்டுவருவது வரைவாளரின் வேலை. ‘விதிப்படி செய்யவும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும் தாள்களை ஏற்கக் கூடாது.

கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதை எண்ணாகவே எழுத வேண்டும். கான்கிரீட்டுக்கான விதிநூலான ஐ.எஸ். 456 : 2000இன்படி அடித்தளத்துக்குக் குறைந்தது 50 மில்லிமீட்டர், தூணுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டர். உப்புக்காற்று நேரடியாக அடிக்கும் கடலோர வீடு என்றால் ஸ்லாப், பீம் உட்பட 45 மில்லிமீட்டர், கான்கிரீட் தரமும் குறைந்தது எம் 30 (எம்முக்கு அடுத்து வரும் எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்). சென்னைக் கடற்கரையோரத்தில் துருப்பிடித்துக் கம்பி வெளியே தெரியும் பால்கனிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். கம்பியோடு கம்பி சேரும் ஓவர்லாப் நீளமும் அப்படித்தான். எம் 25 கான்கிரீட்டில் ஃபெ 500 என்ற தரக் கம்பிக்கு இழுவிசையில் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 49 மடங்கு வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் 590 மில்லிமீட்டர் அளவுக்கு. சைட்டில் ‘ஐம்பது டி’ என்று சொல்வது இதைத்தான்; டி என்பது கம்பியின் விட்டம். எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் தாளில் இருக்க வேண்டும். தூணில் ஓவர்லாப் நடுப்பகுதியில்தான் வர வேண்டும், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனை 135 பாகை உள்நோக்கி மடிய வேண்டும் என்று நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 சொல்கிறது. சென்னையை நிலநடுக்க மண்டலங்களைப் பிரிக்கும் ஐ.எஸ். 1893இன் 2002 திருத்தத்தில் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்த்தார்கள். எனவே அங்கே இது விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை. ஐ.எஸ். 13920இன் 2016 பதிப்பு தூணின் குறுகிய பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. சுவருக்குள் ஒளிய வேண்டும் என்பதற்காக 9 அங்குலத் தூணே உங்கள் தாளில் இருந்தால், ஏன் என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

கம்பி அட்டவணை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். எந்த விட்டத்தில் எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். வாங்கிய கம்பியோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு அது உதவும்.

யாரிடம் கொடுப்பது

நம் ஊரில் பிளான் போடுபவர் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு தொழில்கள் இருக்கின்றன. கட்டடக்கலைஞர், அதாவது ஆர்க்கிடெக்ட், ஐந்தாண்டு பட்டம் படித்துக் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்த முடியாது; பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மன்றத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கட்டமைப்புப் பொறியாளர் பாரத்தையும் கம்பியையும் கணக்கிடுபவர். டிராஃப்ட்ஸ்மேன், பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு சிவில் வரைவாளர் பிரிவு படித்தவராகவோ டிப்ளமோ முடித்தவராகவோ இருப்பார். மற்ற இருவரும் முடிவு செய்ததைத் தவறில்லாமல் தாளில் கொண்டுவருவது அவருடைய தொழில். நல்ல டிராஃப்ட்ஸ்மேன் அரிய மனிதர். பொறியாளர் கவனிக்காமல் விட்ட மோதல்களைக்கூட அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். ஆனால் தூணில் எத்தனை கம்பி என்று அவரையே முடிவு செய்யச் சொல்வது அவருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. ‘இதெல்லாம் வழக்கமா போடுறதுதான் சார்’ என்று ஒருவர் கம்பி அளவு சொன்னால், கணக்கைக் கையெழுத்தோடு தரும் பொறியாளர் யார் என்று கேட்டுவிடுங்கள்.

வரைவாளரைத் தேர்ந்தெடுக்க அவருடைய 3டி படங்களைப் பார்த்துப் பயன் இல்லை. கட்டி முடிந்த ஒரு வீட்டின் முழு வொர்க்கிங் டிராயிங் கட்டைக் கேளுங்கள். வீட்டுக்காரரின் பெயரை மறைத்துவிட்டுத் தரட்டும். மேலே சொன்ன ஜன்னல் சோதனையை அதில் செய்யுங்கள். முடிந்தால் அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரியிடம் ஒரு கேள்வி: ‘இவர் டிராயிங்கில் எத்தனை தடவை போன் போட வேண்டியிருந்தது?’ சான்றிதழைவிட அந்தப் பதிலுக்கு நான் அதிக மதிப்புத் தருவேன். கேட் (கணினியில் வரைதல்) பயிற்சி மையச் சான்றிதழ், மென்பொருள் தெரியும் என்பதை மட்டும்தான் காட்டும். சுவர் எப்படி எழும்புகிறது, குழாய் எப்படி இறங்குகிறது என்பது சைட்டுக்குப் போய் நின்றவருக்குத்தான் தெரியும்.

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். எத்தனை படுக்கையறை, வாஸ்து பார்ப்பீர்களா என்பதோடு நின்றுவிட்டால் போதாது. புலப்பட நகல் (மனையின் அரசு சர்வே படம்) கேட்கிறாரா? மனைக்கு வந்து அளக்கிறாரா? மூலைவிட்டத்தை அளக்கிறாரா? நான்கு பக்க அளவு மட்டும் தெரிந்தால் மனையின் வடிவம் உறுதியாகாது. அதே நான்கு பக்கங்களைக் கொண்டு சாய்ந்த வடிவங்கள் எத்தனையோ வரையலாம். ஒரு மூலைவிட்டம் தெரிந்த பிறகுதான் வடிவம் ஒன்றாக நிற்கும். பத்திரத்தில் உள்ள நான்கு எண்ணை வாங்கிக்கொண்டு மனையைப் பார்க்காமலேயே வரைந்து தருபவர் பக்கத்து மனையோடு உங்களுக்கு எல்லைத் தகராறு வாங்கித் தரக்கூடும். மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா, சாலை மட்டம் என்ன, கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கோப்பின் தரம் என்றும் ஒன்று உண்டு. பி.டி.எஃப். மட்டும் போதாது, ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் திறக்கும் டி.டபிள்யூ.ஜி. கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோகேடில் கோடு 11 அடி 8 அங்குலம் இருக்கும்போது, அதன் மேல் 12 அடி என்று கையால் தட்டச்சு செய்துவிட முடியும். பார்க்க ஒத்துப்போவது போலவே இருக்கும். இந்தத் தொழிலில் நான் மன்னிக்கத் தயங்கும் பழக்கம் இது, ஏனென்றால் அந்தக் கோட்டை நம்பி அடுத்தடுத்து வரையும் எல்லாமே தவறாகிவிடும். தெரிந்த சிவில் மாணவர் யாரையாவது கோப்பைத் திறந்து சில அளவுகளைச் சொடுக்கிப் பார்க்கச் சொன்னால் போதும். சுவர், கதவு, கம்பி, எழுத்து எல்லாம் தனித்தனி லேயரில் (அடுக்கில்) இருக்கின்றனவா என்றும் அவர் பார்த்துச் சொல்வார். எல்லாமே ஒரே லேயரில் கிடந்தால் பின்னால் ஒரு சிறிய திருத்தம்கூடப் பெரிய வேலையாகிவிடும்.

கட்டணத்தைச் சதுர அடிக்கோ தாளுக்கோ பேசுவார்கள். எப்படிப் பேசினாலும் எந்தெந்தத் தாள் வரும் என்ற பட்டியல், எத்தனை முறை திருத்தம் இலவசம், சைட்டில் சந்தேகம் வந்தால் எத்தனை நாளில் பதில், எந்த வடிவில் கோப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மிகக் குறைந்த கட்டணம் சொல்பவர் பெரும்பாலும் தாள்களைக் குறைத்துத்தான் அதைச் சொல்கிறார், இருவரின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும்.

திருத்தம் வரும்போது ஆர்0, ஆர்1, ஆர்2 என்று எண் மாறி, மாறிய இடத்தைச் சுற்றி மேகம் போன்ற வளைகோடு போட்டிருக்க வேண்டும். புதிய தாள் வந்த அன்றே பழையதை சைட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சமையலறை ஜன்னலைப் பழைய தாளைப் பார்த்துக் கட்டிவிட்டு இடிப்பது இன்னமும் நடக்கிறது. வேலைக்குத் தருவது ‘கட்டுமானத்துக்கு ஏற்றது’ என்று முத்திரையிட்ட தாள் மட்டும்தான் என்று மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, பலரும் கேட்காமல் விடும் தாள் ஒன்று உண்டு. கட்டும்போது குழாயும் வயரும் வரைந்தபடியே போவதில்லை. பூச்சு வேலை தொடங்கும் முன் அவை உண்மையில் போன பாதையை அளந்து, படம் எடுத்து, வரைபடத்தில் திருத்தி ஒரு பிரதி தரச் சொல்லுங்கள். பின்னொரு நாள் ஏ.சி. மாட்டவோ கசிவைப் பார்க்கவோ சுவரில் துளை போடும்போது அந்தத் தாளைத்தான் தேடுவீர்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் அந்த வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.